விடுதிகளில் நோயாளி கைமாறும் நேரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கு மாகாணத்தின் அரச வைத்தியசாலைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வைத்தியர் பற்றாக்குறை, கட்டில் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு, பழுதடைந்த இயந்திரங்கள் ஆகியவற்றையே நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். இவை அனைத்தும் உண்மையே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றதன் பாரத்தை மட்டக்களப்பும் அம்பாறையும் இன்றும் சுமந்துகொண்டிருக்கின்றன. ஆனால் இங்கேயே தங்கி வேலை செய்கின்ற வைத்தியரின் ஒரு நாள் எவற்றில் செலவாகிறது, அதில் எத்தனை மணித்தியாலம் நோயாளியின் கட்டிலருகே கழிகிறது என்று நாம் கேட்பதில்லை. அரச வைத்தியசாலைகளின் மருத்துவ விடுதிகளில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்தக் கேள்வியைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதியில் நோயாளிக்கு நேரும் தீங்குகளுள் நான் கண்டவற்றில் பெரும்பாலானவை எவருடைய அறிவுக் குறைவாலும் நேர்ந்தவையல்ல. நோயாளி ஒருவரின் பொறுப்பிலிருந்து இன்னொருவரின் பொறுப்புக்கு மாறும் வேளையில், சொல்லியிருக்க வேண்டிய ஏதோ ஒன்று சொல்லப்படாமல் போனதால் நேர்ந்தவை. அதைச் சொல்ல நேரமில்லாமல் போனதற்குக் காரணம், வைத்தியரின் நேரத்தை எழுத்து வேலையும் ரிப்போட் தேடும் வேலையும் விழுங்கியிருந்தமை. நோயாளி பராமரிப்பு வேறு, வைத்தியரின் வேலைச்சுமை வேறு என்று பிரித்துப் பார்ப்பதால்தான் இரண்டுமே திருந்தாமல் கிடக்கின்றன.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் எமது விடுதிகள் டெங்கு நோயாளர்களால் நிரம்புவது வழமை. டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். வீட்டார் 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று நிம்மதியடையும் அந்த நேரத்தில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றிலும் சேரத் தொடங்குகிறது. அப்போது கொடுக்கும் திரவம் குறைந்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். கூடிவிட்டால், கசிவு நின்று அந்தத் திரவம் மீண்டும் குருதிக்குத் திரும்பும்போது நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சுத் திணறுவார். ஆகவேதான் எமது நாட்டின் தேசிய வழிகாட்டல், 50 கிலோ நிறையுள்ள வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கட்டம் முழுவதற்கும் 4,600 மில்லிலீற்றர் என்ற ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டு மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. கையில் ஏற்றும் சேலைன் மட்டுமல்ல, வாயால் குடிக்கும் இளநீரும் கஞ்சியும் ஜீவனியும் அந்தக் கணக்கில் சேரும்.

இனி, கடமை நேரங்களைப் பாருங்கள். தாதியர் காலை 7 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இரவு 7 மணிக்கும் மாறுகிறார்கள். அதாவது அந்த 48 மணித்தியாலத்துக்குள் ஒரு டெங்கு நோயாளி குறைந்தது ஆறு கடமை முறைகளைக் கடந்து செல்கிறார். வைத்தியர்களும் தங்கள் முறைப்படி மாறுகிறார்கள். பகலில் பார்க்க வந்த உறவினர் பாசத்தோடு கொடுத்த இரண்டு இளநீர் கணக்கில் ஏறாவிட்டால், இரவில் வரும் வைத்தியர் பிழையான எண்ணை வைத்துக்கொண்டே முடிவெடுப்பார். சிறுநீரின் அளவு குறைந்து வருவதைப் பிற்பகல் முறையில் ஒரு தாதி கவனித்திருந்தும் அது அடுத்த முறைக்குச் சொல்லப்படாவிட்டால், அதை மறுபடி ஒருவர் கண்டுபிடிக்கும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் வீணாகும். டெங்குவில் அந்த இரண்டு மூன்று மணித்தியாலம் ஓர் உயிருக்குச் சமம். இதற்கென்று கண்காணிப்பு அட்டவணைகள் இருக்கின்றன, எமது தாதியர் அவற்றைப் பொறுப்போடு நிரப்புகிறார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் அட்டவணையில் இருப்பவை எண்கள். இந்த விடுதியில் உள்ள நாற்பது பேரில் இன்றிரவு யாரைப் பற்றி நாம் பயப்பட வேண்டும் என்பதை ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

அப்படிச் சொல்வதற்கு ஒரு முறை வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது வைத்தியசாலைகளின் சிறுவர் மருத்துவப் பிரிவுகளில் பயிற்சி வைத்தியர்களுக்கு ஒழுங்கான கையளிப்பு முறை ஒன்று கற்பிக்கப்பட்டு, அதன் விளைவு 10,740 அனுமதிகளில் ஆராயப்பட்டது. 2014ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வின்படி மருத்துவத் தவறுகள் 23 சதவீதத்தாலும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதத்தாலும் குறைந்தன. என் கவனத்தை மிகவும் ஈர்த்தது அதிலுள்ள இன்னொரு விடயம். ஒரு நோயாளியைக் கையளிக்கப் பழைய முறையில் சராசரியாக 2.4 நிமிடம் எடுத்தது. புதிய முறைக்குப் பின்னர் 2.5 நிமிடம். 'நேரமில்லை' என்ற எமது வழமையான பதிலுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி தேவையில்லை.

அந்த முறை கடினமானதும் அல்ல. பொறுப்பைக் கொடுப்பவர், நோயாளியின் நிலை எவ்வளவு பாரதூரமானது என்பதை முதலில் சொல்வார். பின்னர் வருத்தத்தின் சுருக்கத்தையும், இனிச் செய்ய வேண்டிய வேலைகளையும் அவற்றை யார் எப்போது செய்வது என்பதையும், இரவில் இன்னது நடந்தால் இன்னது செய்யுங்கள் என்ற முன்யோசனையையும் சொல்வார். கடைசியாகப் பொறுப்பை ஏற்பவர், தாம் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்வார். எமது விடுதிகளில் இந்தக் கடைசிப் படிதான் அநேகமாக இல்லாமல் போகிறது. சொன்னவர் சொல்லிவிட்டேன் என்று வீட்டுக்குப் போகிறார். கேட்டவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார், ஏனென்றால் அவர் காதருகே தொலைபேசியும் எதிரே ஓர் உறவினரும் இருக்கிறார்கள். எமது சூழலுக்கு இதில் ஒரு மாற்றம் தேவை என்று நினைக்கிறேன். விடுதியிலுள்ள அனைவரையும் பற்றி ஒப்புவிக்க வேண்டியதில்லை. இரவு 7 மணிக்கு, கடமையிலிருக்கும் வைத்தியரும் பொறுப்புத் தாதியும் சேர்ந்து, கடுமையான நிலையிலுள்ள ஐந்தாறு நோயாளிகளின் கட்டிலருகே மட்டும் போய் நின்று இந்தக் கையளிப்பைச் செய்தால் போதும். வைத்தியர் வைத்தியருக்குத் தனியாகவும் தாதி தாதிக்குத் தனியாகவும் சொல்லிக்கொள்ளும் இன்றைய பழக்கத்தில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமலே விடிந்துவிடுகிறது.

இரவு நேரத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவில் ஒரு நோயாளியின் சுவாசம் சற்று வேகமாகிறது. ஒட்சிசன் அளவு சற்றுக் குறைகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தாதி ஒருவர், முந்தைய நாள் காலையிலிருந்து உறங்காத வைத்தியரை இதற்காக எழுப்புவதா என்று தயங்குவார். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது இரக்கத்திலிருந்தும் பிறக்கிறது, பயத்திலிருந்தும் பிறக்கிறது. லண்டன் றோயல் மருத்துவர் கல்லூரி 2012இல் அறிமுகப்படுத்தி 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை இதற்குத் தீர்வு தருகிறது. சுவாச வேகம், ஒட்சிசன் அளவு, குருதியமுக்கம், நாடித்துடிப்பு, உணர்வு நிலை, உடல் வெப்பம் என்னும் ஆறு அளவீடுகளுக்குப் புள்ளியிட்டுக் கூட்ட வேண்டும். ஒட்சிசன் கொடுக்கப்படுகிறதென்றால் அதற்கும் புள்ளி உண்டு. மொத்தம் 5 ஆனால் வைத்தியர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் உடனடி அவசர நிலை. இப்படியொரு எல்லையை விடுதியின் வைத்திய நிபுணரே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டால், எழுப்புவதா விடுவதா என்று ஒரு தனி மனிதர் தவித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உறங்காத வைத்தியர் என்று எழுதினேன். எமது நாட்டில் உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். இரண்டு துறைகளில் ஆறு ஆறு மாதம். அந்த ஒரு வருடத்தில் இந்த இளைஞர்களும் யுவதிகளும் விடுதியின் முழுப் பாரத்தையும் தோளில் சுமப்பதைக் கண்ணால் கண்டவள் நான். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 24 மணித்தியாலமும் அதற்கு மேலும் தொடர்ச்சியாக வேலை செய்யும் பழைய ஒழுங்கில் பயிற்சி வைத்தியர்கள், குறுகிய நேர ஒழுங்கில் இருந்ததைவிட 36 சதவீதம் அதிகமான பாரதூரமான தவறுகளைச் செய்தார்கள் என்பது கண்டறியப்பட்டது. ஆளணி கூடும்வரை எமது பயிற்சி வைத்தியர்களின் தொடர் கடமை நேரத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாமலிருக்கலாம். ஆனால் அந்த நேரத்துக்குள் வைத்தியர் அல்லாத எவரும் செய்யக்கூடிய வேலைகளை அவர்கள் தலையிலிருந்து இறக்க முடியும்.

அவை எவை என்று விடுதியில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குருதி மாதிரி எடுத்த பின்னர் ஒவ்வொரு பரிசோதனைப் படிவத்திலும் அதே பெயர், அதே வயது, அதே விடுதி இலக்கம், அதே டிக்கட் (நோயாளியின் விடுதிப் பதிவேடு) இலக்கம். மருந்து அட்டை நிரம்பியதும் பழையதைப் பார்த்துப் புதியதில் பிரதி எழுதுதல். அந்தப் பிரதியில் ஒரு குளிசை விடுபட்டால் அது விடுபட்டதாகவே தொடரும். ரிப்போட் வந்ததா என்று ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி, வராவிட்டால் சிற்றூழியர் ஒருவரைத் தேடுதல், அவரும் இல்லையென்றால் தானே ஓடுதல். இதற்கிடையில் வயலில் பாம்பு கடித்த ஒருவரை அனுமதிக்கிறார்கள். அவருக்கு 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை செய்ய வேண்டும்: சுத்தமான கண்ணாடிக் குழாயில் குருதியை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, சரியாக அந்த நேரத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். விஷமுறிவு மருந்து கொடுப்பதா என்ற முடிவு அதில் தங்கியிருக்கிறது. அந்த 20 நிமிடத்துக்குள் மூன்று முறை வேறு விடயங்களுக்காக அழைக்கப்படும் ஒருவரிடம் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. வெல்லாவெளியிலும் சம்மாந்துறையிலும் அறுவடைக் காலத்தில் வயலுக்குள் இறங்கும் எமது விவசாயிகளுக்கு அந்தத் துல்லியம் தேவை.

ஆகவே ஒவ்வொரு மருத்துவ விடுதிக்கும் ஓர் எழுதுவினைஞர் வேண்டும் என்று கேட்கிறேன். புதிய ஆட்சேர்ப்பு வேண்டியதில்லை. பட்டதாரிகளாக அரச சேவைக்குள் உள்வாங்கப்பட்டு, பல அலுவலகங்களில் போதிய வேலை ஒப்படைக்கப்படாமல் இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுள் விருப்பமுள்ளவர்களை நோயாளியின் இரகசியம் பேணுவதில் முறையாகப் பயிற்றுவித்து விடுதிகளுக்கு இணைக்கலாம். படிவம் நிரப்புதல், ரிப்போட்டுகளை உரிய டிக்கட்டில் சேர்த்தல், ஸ்கேன் திகதி பெறுதல் போன்றவற்றை அவர்கள் செய்வார்கள். அவசரமற்ற கோரிக்கைகளைத் தாதியர் ஒரு கொப்பியில் எழுதி வைக்க, வைத்தியர் குறித்த நேரங்களில் வந்து அனைத்தையும் ஒன்றாகப் பார்க்கும் வழக்கம் நான் வேலை செய்த விடுதி ஒன்றில் இருந்தது. அந்த விடுதியில் அவசர அழைப்பு என்றால் அது உண்மையாகவே அவசரம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கணினி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நாட்டின் பல அரச வைத்தியசாலைகளில் மின்னணுப் பதிவு முறை ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆயினும் 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெளிநோயாளரைப் பார்க்கும் வைத்தியர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் செலவிட்டதைக் காட்டியது. கொப்பியிலும் எழுதி, கணினியிலும் பதிய வேண்டும் என்ற நிலை எமது விடுதிகளுக்கு வரக்கூடாது. எந்தப் புதிய பதிவைக் கொண்டுவந்தாலும் பழையதொன்றை நிறுத்திவிட்டே கொண்டுவர வேண்டும்.

கைமாறும் நேரங்களுள் மிகவும் கவனிக்கப்படாதது துண்டு வெட்டும் நேரம். வைத்தியசாலையின் பொறுப்பிலிருந்து நோயாளி தன் வீட்டாரின் பொறுப்புக்கு மாறும் நேரம் அது. காலை பார்வையிடலில் 'நீங்கள் போகலாம்' என்று வைத்திய நிபுணர் சொல்லிவிடுவார். ஆனால் டயக்னோசிஸ் காட் (வருத்தத்தையும் சிகிச்சையையும் குறித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அட்டை) எழுதி, மருந்து எடுத்து முடியப் பிற்பகலாகிவிடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போகும் ஒருவருக்கு அதற்குள் பஸ் போய்விடும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களின் பயணம் எவ்வளவோ இலகுவாகியிருக்கிறது. எனினும் உட்கிராமங்களுக்குப் பிற்பகலில் பஸ் கிடைப்பது இன்னும் சிரமம்தான். ஆகவே அவர் இன்னோர் இரவு அதே கட்டிலில் படுக்கிறார்; புதிதாக வந்த நோயாளி நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறார். நாளை யார் வீட்டுக்குப் போகக்கூடியவர் என்பது பெரும்பாலும் முதல் நாள் மாலையே தெரிந்துவிடும். காட்டை அன்று மாலையே எழுதி வைத்தால், காலையில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும். இதைவிட மலிவாகக் கட்டில் எண்ணிக்கையைக் கூட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காட் ஆங்கிலத்தில் இருக்கிறது. அடுத்த வைத்தியருக்கு அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நோயாளிக்கு என்று எதுவும் எழுதிக் கொடுக்கப்படுவதில்லை. 'டொக்டர் பார்த்தாரு, எழுதினாரு, என்ன வருத்தமெண்டு சொல்லல்ல' என்று எத்தனை வயதான தாய்மார் என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்கள்! அவர்களிடம் கிளினிக்கில் கொடுத்த சீனி வருத்தக் குளிசையும் இருக்கும். தனியாரிடம் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த இடத்தில் வேறு வியாபாரப் பெயரில் கொடுத்த அதே குளிசையும் இருக்கும். விடுதியில் மாற்றிக் கொடுத்த புதியதும் இருக்கும். எதை நிறுத்தச் சொன்னார்கள் என்பது தெரியாததால் மூன்றையும் விழுங்குவார்கள். பிறகு ஒரு விடியற்காலையில் சீனி இறங்கி, நினைவில்லாமல் கொண்டுவரப்படுவார்கள். தமிழில் அச்சிட்ட ஒரே ஒரு பக்கம் போதும்: என்ன வருத்தம், எந்தக் குளிசை காலை, எது இரவு, எதை இனிமேல் எடுக்கக்கூடாது, என்ன நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும், அடுத்த கிளினிக் எப்போது. வாசிக்க முடியாதவர்களுக்குச் சூரியனும் சந்திரனும் வரைந்த கட்டங்கள். கொடுக்கும்போது, 'வீட்டுக்குப் போய் எப்படி எடுப்பீங்க அம்மா, எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்' என்று கேட்டு, அவர் வாயால் சொல்வதைக் கேட்ட பின்னரே அனுப்ப வேண்டும்.

இங்கே பணியாற்ற வரும் சிங்கள வைத்தியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலர் சில மாதங்களுக்குள்ளேயே எமது பேச்சைப் பழகி, 'எங்க நோகுது அப்பா' என்று கேட்பதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். ஆனாலும் மருந்து விளக்கத்தை அந்த நல்லெண்ணத்தின் மேல் மட்டும் விட்டுவிட முடியாது. அம்பாறை நகருக்கு அனுப்பப்படும் கரையோரத்துத் தமிழ்பேசும் நோயாளர்களுக்கு அச்சிட்ட அந்தப் பக்கம் இன்னும் அவசியம். அங்கே சிங்களத்திலும் அது இருக்கட்டும்.

ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதே குறைதான். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் நூறு கிலோமீற்றர். அவ்வளவு தூரம் அம்புலன்ஸில் வரும் நோயாளியோடு வருவது அவசரத்தில் எழுதிய ஒரு கடிதம். அனுப்பும் வைத்தியர் ஏற்கும் வைத்தியரோடு புறப்படுவதற்கு முன்னரே பேசி, கொடுத்த மருந்தையும் கொடுத்த நேரத்தையும் சொல்லிவிட்டால், வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழும், ஆதார வைத்தியசாலைகள் பல மாகாண நிருவாகத்தின் கீழும் இருப்பதால் எல்லா இடத்திலும் ஒரே நாளில் இதைத் தொடங்க முடியாது என்பதை அறிவேன். எனவே என் கோரிக்கை சிறியது. இந்த மாரிக்கு முன்னர், மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு வைத்தியசாலையில், மனமுவந்து முன்வரும் ஒரு வைத்திய நிபுணரின் ஒரே ஒரு மருத்துவ விடுதியில் இதைத் தொடங்குங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மருத்துவ மாணவர்களும் தாதியியல் மாணவர்களும் ஒரே பீடத்தில் கற்கிறார்கள். அவர்களைக் கொண்டு, தொடங்குவதற்கு முன்னரும் மூன்று மாதத்தின் பின்னரும், வைத்தியர் கட்டிலருகே இருக்கும் நேரத்தையும், காலையில் துண்டு வெட்டியவர் எத்தனை மணிக்கு விடுதியை விட்டு வெளியேறுகிறார் என்பதையும், வீட்டுக்குப் போகும் நோயாளர்களில் எத்தனை பேர் தங்கள் மருந்தைச் சரியாகச் சொல்கிறார்கள் என்பதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முடிவு நல்லதோ அல்லதோ, அதைப் பொதுமக்களுக்கும் வெளியிடுங்கள். எமது ஊர்களின் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் இதுவரை கட்டிலும் மின்விசிறியும் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. தமிழ் மருந்துப் பக்கத்தையும் முன்னெச்சரிக்கை அட்டவணையையும் ஒரு வருடத்துக்குத் தேவையான அளவு அச்சிட்டுக் கொடுக்கும் செலவை அவை இம்முறை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தின் வாசகங்களைச் சாதாரண மக்களுக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுக்க நானும், என்னோடு ஓய்வுபெற்ற தாதியர் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.